சூளைக்குள் கூம்பு, சிறுநீரில் புரதம்

விருத்தாசலத்துக்கு வரும் விருந்தினருக்கு முதலில் மணிமுத்தாற்றங்கரையில் உள்ள பழமலைநாதர் கோயிலைக் காட்டுவோம். அடுத்தபடியாகக் காட்டுவது பீங்கான் தொழிற்பேட்டையை. உங்கள் வீட்டு மின்சாரப் பலகையில் வெள்ளை நிற ஃபியூஸ் கட்டை இருந்தால், அது எங்கள் ஊரில் வெந்ததாகவும் இருக்கலாம். கொலு பொம்மைகளும் இங்கிருந்து போகின்றன.

பீங்கானைச் சூளையில் வேக வைக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. உள்ளே 1,200 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம். சரக்கு சரியாக வெந்ததா, அரைவேக்காடா, அளவு மீறி உருகிக் கோணிவிட்டதா என்று கதவைத் திறந்து பார்க்க முடியாது. பெரிய சூளையானால் தீயை நிறுத்திய பிறகும் ஆறுவதற்கு ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். அதற்கு முன் திறந்தால் குளிர்ந்த காற்றுப்பட்டு நல்ல சரக்கும் வெடித்துவிடும். ஆறிய பின் திறந்து குறையைக் கண்டாலோ, அதைத் திருத்த வழியில்லை.

1886-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் ஹெர்மன் சேகர் இதற்கு ஓர் எளிய உபாயம் கண்டார். களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் போன்றவற்றைக் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து விரல் உயரக் கூம்புகள் செய்தார். ஒவ்வொரு கலவையும் ஒவ்வொரு வெப்ப அளவில் இளகும். பார்வைத் துளைக்கு நேராகச் சூளைக்குள் இக்கூம்புகளை வைத்தால், உரிய வேக்காடு வந்ததும் கூம்பின் நுனி வளைந்து தலை குனியும். வெப்பமானி அந்த நேரத்து வெப்பநிலையை மட்டும் கூறும். கூம்பு, அந்த வெப்பத்தில் சரக்கு எவ்வளவு நேரம் கிடந்து என்ன பட்டது என்பதையும் சேர்த்துக் கூறும். காரணம், சரக்கு படும் பாட்டைக் கூம்பும் உள்ளேயிருந்து பட்டதுதான்.

இயற்பியல் ஆசிரியன் சூளையைப் பற்றிப் பேசலாம். சிறுநீரைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் எங்கள் தெருக்காரர் ஒருவர்.

அடுத்த வீட்டு அண்ணன்

பல ஆண்டுகள் சூளையில் வேலை பார்த்தவர் அவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இதய இரத்தக் குழாய்களில் மூன்று அடைப்புகள் இருப்பதாகக் கண்டறிந்து பைபாஸ் அறுவை செய்தார்கள். அறுவை நன்றாகவே முடிந்தது. மறுநாள் கண் விழித்து மனைவியிடம் பேசினார். ஊருக்குத் தொலைபேசியில் நல்ல செய்தி வந்தது. மூன்றாம் நாள் மாலை வேறு செய்தி வந்தது: சிறுநீர் குறைந்துவிட்டது, இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறிவிட்டது, டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கும்.

இரண்டு முறை டயாலிசிஸ் செய்தார்கள். பிறகு மெல்ல மெல்லச் சிறுநீர் இறங்கத் தொடங்கியது. ஏழு நாளில் திரும்ப வேண்டியவர் மூன்று வாரம் கழித்து வீடு வந்தார். நான் பார்க்கப் போனபோது கிரியாட்டினின் என்றால் என்ன என்று கேட்டார். தெரிந்தவரை சொன்னேன். சிறுநீரகம் முதல் நாளே அடிபட்டிருக்கும் என்றும், கிரியாட்டினின் அதைக் காட்டிக்கொடுக்க இரண்டு மூன்று நாள் ஆகும் என்றும் கூறினேன். அவர் சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்:

“ஆறுன பொறவு கதவத் தொறந்து பாக்குற மாதிரியில்ல இருக்கு? உள்ள ஒரு கூம்பு வைக்கக் கூடாதா சார்?”

எனக்கு அன்று உடனே விடை தெரியவில்லை. தேடிப் படித்தபோதுதான், அவர் கேட்ட அதே கேள்வியை மருத்துவ ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள் என்பது புரிந்தது.

இதயத்தைத் தொட்டால் சிறுநீரகம் ஏன் வாட வேண்டும்?

நமது சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்விரு சிறிய உறுப்புகளுக்கே போகிறது. நாளொன்றுக்கு 180 லிட்டர் திரவம் வடிகட்டப்பட்டு, அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. மீதி முழுவதையும் நெஃப்ரானின் நுண்குழல் செல்கள் திரும்ப உறிஞ்சிக் கொடுக்கின்றன. பீங்கான் வடிகட்டி சும்மா நின்றபடி வேலை செய்யும். நுண்குழல் செல்லோ ஓயாமல் உப்பை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். அதற்கு ஆக்சிஜன் மிகுதியாக வேண்டும். ஆனால் சிறுநீரகத்தின் உட்பகுதியில் ஆக்சிஜன் இயல்பாகவே குறைவு. ஆகவே எப்போதும் விளிம்பில் நின்று உழைக்கும் செல்கள் இவை.

1953-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஜான் கிப்பன் என்னும் அறுவை மருத்துவர் இதய-நுரையீரல் இயந்திரத்தை முதன்முதலாக வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். இதயம் ஓய்ந்திருக்கும் நேரத்தில் உடலின் இரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் சேர்த்துத் திரும்ப அனுப்புவது இதன் வேலை. நம் நாட்டில் 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவையைச் செய்தார். இன்று மாவட்டத் தலைநகரங்களில் உள்ளவர்களும் இவ்வறுவையைக் கேள்விப்பட்டுப் பழகிவிட்டார்கள்.

இயந்திரம் உயிர் காக்கிறது; ஆனால் இரத்தத்துக்கு அது அந்நியமான பாதை. உருளைகள் குழாயை நசுக்கி இரத்தத்தைத் தள்ளும்போது சில சிவப்பணுக்கள் உடைகின்றன. அவற்றிலிருந்து வெளியேறும் ஹீமோகுளோபின் சிறுநீரகத்தில் போய்ப் படுகிறது. இரத்த அழுத்தம் சற்றுத் தாழலாம். பிளாஸ்டிக் பரப்பைத் தொட்ட வெள்ளணுக்கள் கிளர்ச்சியுறுகின்றன. இயந்திரம் இல்லாமல், துடிக்கும் இதயத்தின் மேலேயே பைபாஸ் செய்யும் முறையும் இந்தியாவில் பரவலாக உண்டு. அப்போதும் சிறுநீரகத்துக்கு ஆபத்து அடியோடு நீங்குவதில்லை. இதய அறுவை செய்துகொள்பவர்களில் நூற்றுக்கு இருபது, முப்பது பேருக்கு ஏதோ ஓரளவில் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. டயாலிசிஸ் வரை போவோர் சிலரே. ஆனால் அச்சிலரின் நிலை கடினமானது.

ஒரு தொட்டிக் கணக்கு

கிரியாட்டினின் ஏன் தாமதமாக ஏறுகிறது? இதற்கு மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. மேலே ஒரு குழாய் கொட்ட, அடியில் ஓர் ஓட்டை ஒழுக, நடுவில் நீர்மட்டம் அசையாமல் நிற்கும் தொட்டியை நினைத்துக்கொண்டால் போதும். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் தசைகள் வேலை செய்யும்போது உண்டாகும் கழிவு கிரியாட்டினின். ஒருவருடைய உடலில் 40 லிட்டர் நீர் இருப்பதாகக் கொள்வோம். அதில் கிரியாட்டினின் 100 மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம். மொத்தம் 400 மில்லிகிராம். சிறுநீரகம் மணிக்கு 6 லிட்டரைத் தூய்மை செய்கிறது. எனவே மணிக்கு 60 மில்லிகிராம் வெளியேறுகிறது. தசைகளும் மணிக்கு 60 மில்லிகிராம் உற்பத்தி செய்கின்றன. வரவும் செலவும் சமம், மட்டம் அசையாது.

இப்போது அறுவையின்போது சிறுநீரகம் சட்டென்று பாதித் திறனை இழந்துவிட்டது என்க. வரவு 60, செலவு 30. மணிக்கு 30 மில்லிகிராம் தேங்கும். இரண்டு மணி நேரத்தில் சுமார் 56 தேங்கியிருக்கும். (முழு 60 இல்லை, மட்டம் ஏற ஏறச் செலவும் கூடுகிறது அல்லவா?) மொத்தம் 456. இதை 40-ஆல் வகுத்தால், 100 மில்லிலிட்டருக்கு 1.14 மில்லிகிராம். பாதிச் சிறுநீரகம் போயிருக்கிறது, கிரியாட்டினினோ 1.00-லிருந்து 1.14-க்கு நகர்ந்திருக்கிறது! இதைக் கண்டு எந்த மருத்துவரும் பதறமாட்டார்.

இத்துடன் முடியவில்லை. அறுவையின்போது நோயாளிக்கு இரண்டு லிட்டர் திரவம் கூடுதலாகச் சேர்ந்திருந்தால், 456-ஐ 42-ஆல் வகுக்கவேண்டும். விடை 1.09. தொட்டியே பெரிதாகிவிட்டதால், தேங்குவது கண்ணில் படவில்லை.

சிறுநீரகம் பாதியளவு இல்லாமல் கால் பங்கு மட்டும் திறன் குறைந்திருந்தால் இன்னும் மோசம். அதே இரண்டு மணி நேரத்தில் 1.07 வரைதான் ஏறும். 2012-இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு விதிப்படி, 48 மணி நேரத்துக்குள் கிரியாட்டினின் 0.3 மில்லிகிராம் ஏறினால் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு எனக் கொள்கிறார்கள். நம் கணக்கிலுள்ள நோயாளி அந்த எல்லையைத் தொட ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகும். உண்மையான உடலில் வேறு காரணங்களும் சேர்கின்றன. சில நெஃப்ரான்கள் செயலிழந்தால் மற்றவை கூடுதலாக உழைத்துக் குறையை மறைத்துவிடும். ஆகவேதான் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று செய்தி தள்ளிப் போகிறது.

கிரியாட்டினினைக் குறை கூற வேண்டாம். மலிவானது, சிறு ஊர் ஆய்வகத்திலும் பார்க்கலாம். ஆனால் அது செல் அடிபட்டதன் அடையாளமன்று. வேலை குறைந்ததால் தேங்கிய குப்பை அது.

செல் எழுப்பும் குரல்

அடிபட்ட செல் தானே ஏதாவது சுரந்தால்? அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் இந்திய வம்சாவளியினரான டாக்டர் பிரசாத் தேவராஜனின் குழு இந்தக் கேள்வியுடன் எலிகளில் ஆய்வு செய்தது. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைச் சிறிது நேரம் நிறுத்தித் திரும்ப விட்டு, எந்த ஜீன்கள் முதலில் விழித்துக்கொள்கின்றன என்று தேடினார்கள். மிக விரைவாகக் கிளர்ந்தவற்றுள் ஒன்று என்.ஜி.ஏ.எல். என்னும் புரதத்துக்குரியது. 2003-இல் இதனை வெளியிட்டார்கள்.

இது புதிய புரதமன்று. வெள்ளணுக்களில் முன்பே அறியப்பட்டது. பாக்டீரியங்கள் இரும்பைக் கவராதபடி ஒளித்து வைப்பது இதன் தொழில்களில் ஒன்று. நலமான சிறுநீரகத்தின் சிறுநீரில் இது மிகக் குறைவு. நுண்குழல் செல்கள் அடிபட்டதும் இதனை ஏராளமாக உண்டாக்குகின்றன. குழலுக்குள்தான் சுரப்பு, குழலின் மறுமுனை சிறுநீர்ப்பை. ஆகவே இச்செய்தி 40 லிட்டர் தொட்டியில் போய்க் கரைந்து காத்திருக்க வேண்டியதில்லை. நேராக வெளியே வந்துவிடுகிறது. தொட்டிக் கணக்கு இங்கே நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது.

2005-இல் அதே குழு, இதய அறுவை செய்துகொண்ட 71 குழந்தைகளின் சிறுநீரை ஆராய்ந்து, ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டது. 20 குழந்தைகளுக்குச் சிறுநீரகப் பாதிப்பு உண்டானது. கிரியாட்டினின் அதைக் காட்ட ஒன்று முதல் மூன்று நாள் ஆயிற்று. ஆனால் அதே குழந்தைகளின் சிறுநீரில் என்.ஜி.ஏ.எல்., அறுவைக்கு முன் சராசரியாக லிட்டருக்கு 1.6 மைக்ரோகிராமாக இருந்தது, இயந்திரச் சுற்று முடிந்த இரண்டே மணி நேரத்தில் 147 ஆகியிருந்தது! 50 மைக்ரோகிராமை எல்லையாக வைத்தபோது, அந்த 20 பேரில் ஒருவரையும் அது தவறவிடவில்லை. நலமாக இருந்த 51 பேரில் ஒருவரை மட்டும் வீணாகச் சந்தேகித்தது.

லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் லாரிகள் நூறு வரிசையாக நிற்கின்றன. அத்தனைக்கும் சேர்த்து ஒரு கிராம் சர்க்கரை போடுகிறீர்கள். அவ்வளவுதான். இதை எப்படி அளக்கிறார்கள்? அந்தப் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை ஒரு தட்டில் பூசி, பிடிபட்ட புரதத்தின் அளவுக்கேற்ப நிறம் தோன்றும்படி செய்வது ஒரு முறை. பிறகு ஒளியைச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கிறார்கள். நீங்கள் ஆய்வகத்தில் கண்ட ஒளி உட்கவர்தல்தான். உயிரியலுக்குள் எங்கள் பாடம் எட்டிப் பார்க்கும் இடம் என்பதால் கூறாமலிருக்க மனம் வரவில்லை.

ஒரு சிறு தந்திரமும் தேவைப்படுகிறது. நோயாளிக்கு நிறைய நீர் ஏற்றினால் சிறுநீர் நீர்த்துவிடும்; புரதத்தின் செறிவு பொய்யாகக் குறையும். எனவே பல ஆய்வுகளில் அதே சிறுநீரிலுள்ள கிரியாட்டினின் அளவால் வகுத்துக்கொள்கிறார்கள். முன்பு காலம் தாழ்த்தியதென்று நாம் ஒதுக்கிய அதே கிரியாட்டினின் இங்கே அளவுகோலாக உதவுகிறது.

பெரியவர்களிடம் வந்தபோது

இத்துடன் நிறுத்தினால் இது வெற்றிக் கதை. ஆனால் விஞ்ஞானம் முதல் ஆய்வோடு நிற்பதில்லை.

குறிப்பான் ஒன்று எவ்வளவு நல்லது என்பதை இப்படி அளப்பார்கள். பாதிக்கப்பட்ட ஒருவரையும் பாதிக்கப்படாத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி எடுங்கள். இருவருள் முன்னவருக்கே குறிப்பான் அதிகமாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? 1 என்றால் குறையற்ற குறிப்பான். 0.5 என்றால் நாணயம் சுண்டுவதற்குச் சமம். சின்சினாட்டி குழந்தைகளிடம் இம்மதிப்பு 0.998.

பின்னர் டாக்டர் சிராக் பாரிக் தலைமையில் பல மருத்துவமனைகள் சேர்ந்து, இதய அறுவை செய்துகொண்ட 1,219 பெரியவர்களை ஆராய்ந்தன. 2011-இல் வெளியான முடிவில், சிறுநீரிலுள்ள என்.ஜி.ஏ.எல்.-இன் மதிப்பு 0.67. சிறுநீரில் பார்த்த மற்றொரு புரதமான இன்டர்லூக்கின்-18-க்கு 0.74. நாணயத்தைவிட மேல்தான், ஆனால் 0.998 எங்கே, 0.67 எங்கே!

காரணம் ஊகிக்கக் கூடியதே. குழந்தைகளின் சிறுநீரகம் பெரும்பாலும் புதியது. அடிபட்ட நேரமும் ஒன்றுதான். ஐம்பது, அறுபது வயதுக்காரருக்குச் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் என்று முன்பே தழும்புகள் உண்டு. சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்று இருந்தாலும் என்.ஜி.ஏ.எல். ஏறும். எங்கள் அண்ணனின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சூளைக்குக் குனிந்து நிமிர்ந்து வந்த இடுப்பு வலிக்காகப் பத்தாண்டுகளாகக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறார். மாத்திரைதானே என்று அறுவைக்கு முன் யாரிடமும் கூறவில்லை. இவ்வகை வலி மாத்திரைகள் பல, நெஃப்ரானுக்குள் இரத்தம் நுழையும் நுண்தமனியைச் சுருங்கச் செய்பவை. ஏற்கெனவே விரிசல் விட்ட பானையைத் தட்டினால் வரும் ஓசையைக் கொண்டு இன்றைய அடியை மட்டும் பிரித்தறிவது எளிதா? மருத்துவரிடம் கூறவேண்டிய செய்தி இது. உங்கள் வீட்டிலும் யாரேனும் இப்படி விழுங்குகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

மணி அடித்தபின் என்ன செய்வது?

வேறு குறிப்பான்களும் வந்தன. நெருக்கடிக்குள்ளான செல், சேதம் பெருகாதிருக்கத் தன் பிரிதலை நிறுத்திக்கொள்ளும். அவ்வேளையில் டிம்ப்-2, ஐ.ஜி.எஃப்.பி.பி.7 என்னும் இரு புரதங்கள் சிறுநீரில் வருகின்றன. இரண்டின் செறிவையும் பெருக்கி ஓர் எண்ணாகக் கூறும் சோதனைக்கு 2014-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. அவ்வெண் 0.3-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. என்.ஜி.ஏ.எல். சோதனைக்கு அங்கே 2023 டிசம்பரில்தான் அனுமதி கிடைத்தது. அதுவும் மூன்று மாதக் குழந்தை முதல் 21 வயது வரை உள்ளோருக்கு மட்டும். எந்த வயதினரிடம் நம்பலாம் என்பதை ஆய்வுகள் எவ்வளவு நுட்பமாகப் பிரித்துக் காட்டியிருக்கின்றன, பாருங்கள்.

முன்கூட்டி அறிந்து பயன் உண்டா? சூளையில் கூம்பு குனிந்தால் தீயைக் குறைக்கலாம். இங்கே எந்தத் தீயைக் குறைப்பது? ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரில் இதைச் சோதித்தார்கள். இதய அறுவைக்குப் பின் சிறுநீர்க் குறிப்பான் எச்சரித்த 276 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பிரிவினருக்கு இரத்த ஓட்டத்தையும் அழுத்தத்தையும் நெருங்கிக் கண்காணித்தல், சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்துகளைத் தவிர்த்தல், சில இரத்த அழுத்த மாத்திரைகளை இரண்டு நாள் நிறுத்தி வைத்தல், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல் ஆகியவை கண்டிப்பாகப் பின்பற்றப்பட்டன. புது மருந்து ஒன்றுமில்லை. 2017-இல் வந்த முடிவு: வழக்கமான பிரிவில் நூற்றுக்கு 71.7 பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு. கவனிப்புப் பிரிவில் 55.1. ஆயினும் டயாலிசிஸ் தேவைப்பட்டவர் எண்ணிக்கையிலும் இறப்பிலும் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. இரண்டு முடிவுகளையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். ஒன்றை மட்டும் கூறுபவர் விளம்பரக்காரராக இருப்பார்.

விலை மிகுந்த சோதனை எல்லா ஊருக்கும் எட்டாது. பாதிப்பு தொடங்கியபின் அது முற்றுமா, தேறுமா என்று அறிய ஓர் எளிய வழியும் உண்டு. பியூரோசமைடு என்பது சிறுநீரைப் பெருக்கும் பழைய, மலிவான மருந்து. அது நுண்குழல் வழியாகச் சென்றுதான் வேலை செய்யும்; எனவே குழல்கள் உயிரோடிருந்தால் மட்டுமே சிறுநீர் பெருகும். 2013-இல் டாக்டர் லக்மீர் சாவ்லாவின் குழு, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 77 நோயாளிகளிடம் இதனை ஆராய்ந்தது. உரிய அளவு மருந்து கொடுத்த இரண்டு மணி நேரத்தில் 200 மில்லிலிட்டருக்குக் குறைவாகச் சிறுநீர் வந்தவர்களுக்கே பாதிப்பு முற்றும் வாய்ப்பு மிகுதி எனக் கண்டார்கள். இச்சோதனைக்கு வேண்டிய கருவி அளவுக் கோடிட்ட ஒரு பையும் கடிகாரமும். ஆனால் மருந்தைத் தருவதும் இழந்த நீரை ஈடு செய்வதும் மருத்துவர் பொறுப்பு.

அண்ணனிடம் இவற்றையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து கூறினேன். பெரியவர்களிடம் 0.67 என்றதும் சிரித்தார். “ஒத்தக் கூம்ப நம்பி யாரு சார் சூளை எரிப்பாங்க? மூணு வெப்போம். ஒண்ணு முன்ன சாயறது, ஒண்ணு சரியா சாயறது, ஒண்ணு சாயவே கூடாதது.”

ஆய்வாளர்களும் இப்போது அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள்: செல்லின் அடியைக் காட்டும் ஒரு குறிப்பான், வேலைத் திறனைக் காட்டும் கிரியாட்டினின், மணிக்கு மணி அளக்கும் சிறுநீர் என்று பலவற்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு: மேலே கண்ட தொட்டியில், சிறுநீரகம் கால் பங்கு திறனோடு மட்டும் வேலை செய்தால், தொடக்கத்தில் மணிக்கு எத்தனை மில்லிகிராம் கிரியாட்டினின் தேங்கும்? பல நாள் கழிந்து மட்டம் மீண்டும் அசையாமல் நிற்கும்போது, 100 மில்லிலிட்டருக்கு அது எத்தனை மில்லிகிராமாக இருக்கும்?

விடை: 45 மில்லிகிராம், 4 மில்லிகிராம்.